வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த கால் டாக்ஸி: மதுரையில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு

"மூணு வண்டி வாங்கியாச்சு, போன் நம்பர் போட்டாச்சு, ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. இனி என்ன செய்யணும்ணே?" என்று கேட்டுக்கொண்டு அடிக்கடி யாராவது எங்கள் கே.புதூர் ஆபீசுக்கு வருவார்கள். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, இரண்டு போன், ஒரு வெள்ளைப் பலகை, சாவி மாட்ட ஒரு வரிசை ஆணி. ஒன்பது கார், நான்கு ஆட்டோ. வருகிறவர்கள் கிலோமீட்டருக்கு எவ்வளவு வைப்பது, டிரைவருக்குச் சம்பளமா கமிஷனா, எந்த ஆப்பில் சேர்வது என்றெல்லாம் கேட்பார்கள். பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். நாமாகப் பேச்சை எடுத்தாலும் "இன்சூரன்ஸ் போட்டிருக்கோம்ல" என்பதோடு முடிந்துவிடும்.

முதல் ஒன்றரை வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் ராமேஸ்வரம் போன டிரைவர் திரும்பி வந்து வண்டியை விட்டபோது இரவு 1.40. விடியற்காலை 5 மணிக்கு ரயில்வே ஸ்டேஷனில் ஒரு பிக்கப், அங்கிருந்து விருதுநகர். வேறு ஆள் இல்லை. "அண்ணே, முடியுமா?" என்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்றார். திருமங்கலம் தாண்டி, கள்ளிக்குடிக்கு முன்னால், வண்டி சென்டர் மீடியனை உரசிக்கொண்டே நாற்பது அடி போயிருக்கிறது. வலது பக்கக் கதவு இரண்டும் போயின. பின் சீட்டில் இருந்தவர்கள் பேரனைப் பார்க்கப் போன தாத்தாவும் பாட்டியும். நல்ல வேளை, யாருக்கும் அடி இல்லை. அந்தப் பாட்டி எனக்குப் போன் செய்தார். திட்டவில்லை. "ஏப்பா, அவரு ராத்திரி தூங்கலைங்கிறது உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

தெரியும். 1.40-க்குச் சாவியை வாங்கி ஆணியில் மாட்டியதே நான்தான்.

கூப்பிட்டால் வருகிற வண்டித் தொழிலில் பாதிப் பாதுகாப்பு போனை எடுத்துச் சவாரியை ஒதுக்குகிற ஆளிடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கீழே சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டவை. ஆப் நிறுவனங்களுக்குத் தனிச் சட்டதிட்டம் உண்டு. இது இரண்டு வண்டியிலிருந்து இருபது வண்டி வரை வைத்து ஓட்டப்போகிற நம்மைப் போன்றவர்களுக்கு.

காகித வேலையை முதல் வாரத்திலேயே முடியுங்கள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொந்த உபயோகத்துக்குப் பதிவான ஓன் போர்டு காரை "தெரிஞ்சவங்களுக்கு மட்டும்" என்று வாடகைக்கு ஓட்டுவது நம் பக்கம் சர்வசாதாரணம். அதைச் செய்யாதீர்கள். அபராதத்தை விடுங்கள், விபத்து என்று வந்தால் வாடகைக்கு ஓட்டியதைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். மஞ்சள் பலகை, பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகிய ஐந்தும் இல்லாமல் ஒரு சவாரியும் வேண்டாம். எஃப்.சி. என்பது வண்டி ஓடத் தகுதியாக இருக்கிறது என்ற சான்று, வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுதோறும். தேதிகளை மனதில் வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் பலகையின் இடது ஓரத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் இந்தத் தேதிகள் எழுதியிருக்கும். முடிய ஒரு மாதம் இருக்கும்போது சிவப்பு மையில் வட்டம்.

இன்சூரன்ஸ் பாலிசியை ஒரு முறை முழுசாகப் படியுங்கள். சம்பளத்துக்கு ஓட்டுகிற டிரைவருக்கான பாதுகாப்பு அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பயணிகளுக்கான பாதுகாப்பு ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், எத்தனை இருக்கை என்று இருக்கிறதோ அந்தக் கணக்குக்குத்தான். பாண்டி கோயிலுக்குக் கிடா வெட்டப் போகிறவர்கள் ஏழு பேர் வண்டியில் பதினொரு பேர் ஏறிக்கொண்டு, "இந்தா இருக்கிற ரிங் ரோடுதானே" என்பார்கள். கூடுதல் ஆளுக்கு அபராதம் தலைக்கு 200 ரூபாய்தான், அதனால் யாரும் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது அந்த நான்கு பேருக்குக் கணக்கே இல்லை என்பதற்கு.

டிரைவரை எடுக்கும்போது பின் சீட்டில் உட்காருங்கள்

லைசென்ஸின் ஜெராக்ஸை வாங்கி ஃபைலில் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். எம்-பரிவாகன் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள், நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். காவல்துறைச் சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். தெரிந்தவர் மூலம் வந்தவர், சொந்தக்காரர், ஒரே ஊர்க்காரர் என்று யாருக்கும் விலக்குக் கொடுக்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்தவரிடம் கேட்க வாய் வராது.

அப்புறம் ஓட்டிக் காட்டச் சொல்வது. காலியான ரோட்டில் யாரும் நன்றாகத்தான் ஓட்டுவார்கள். நான் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டிப்போவேன். புதூரில் ஏறி கோரிப்பாளையம், ஏ.வி. பாலம், சிம்மக்கல், கீழவாசல், காமராஜர் சாலை, தெப்பக்குளம். முன்னால் உட்கார மாட்டேன், பயணி உட்காரும் இடத்தில்தான். டவுன் பஸ் குறுக்கே வந்து நின்றால் என்ன செய்கிறார், ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் அடிக்கிறாரா, கூடை வைத்திருக்கும் அம்மா ரோட்டைக் கடக்கும்போது கால் எங்கே போகிறது என்று பார்ப்பேன். பாதி வழியில் ஆபீசிலிருந்து அவர் போனுக்கு ஒரு அழைப்பு வரச் செய்வேன். எடுத்துக் காதில் வைத்தால் அவ்வளவுதான், தேர்வு முடிந்தது. வேகமாக ஓட்டத் தெரிந்தவர் நமக்குத் தேவையில்லை. சிம்மக்கல்லில் பத்து நிமிடம் மாட்டிக்கொண்டாலும் முகம் மாறாதவர் தேவை.

உடம்பு விஷயத்தைக் கேட்கக் கூச்சப்படுவோம். கேட்டே ஆக வேண்டும். சர்க்கரை இருக்கிறதா, மாத்திரையா ஊசியா? சர்க்கரைக்கு மருந்து போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஓட்டினால் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, கண் இருட்டிவிடும். அப்படிப்பட்ட டிரைவரின் வண்டியில் மிட்டாயோ குளுக்கோஸ் பாக்கெட்டோ கட்டாயம் இருக்க வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் சவாரி கொடுக்கவும் கூடாது. சளி, அரிப்புக்குப் போடுகிற சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். அன்றைக்கு அவருக்கு ஓய்வு. கண் பரிசோதனை வருடம் ஒரு முறை. அரவிந்த் கண் மருத்துவமனை 1976 முதல் இருக்கிற ஊரில் நேரமில்லை என்று சொல்ல முடியாது.

குடி பற்றிச் சுருக்கமாக: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் போனால் குற்றம், முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். குடித்துவிட்டு நேராக வண்டி எடுப்பவரை யாரும் வேலைக்கு வைக்க மாட்டோம். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நள்ளிரவு வரை கல்யாண வீட்டில் இருந்துவிட்டுக் காலை ஐந்து மணிக்குக் குளித்து விபூதி பூசி வருகிறவர், தான் தெளிந்துவிட்டதாகவே நம்புவார். ரத்தத்திலிருந்து அவ்வளவு சீக்கிரம் அது இறங்காது. ஊதிப் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி வையுங்கள். சாவி எடுக்கும்போது எல்லோரும் ஊத வேண்டும், முதலாளியின் மச்சான் உட்பட. மச்சான் உட்பட என்று சும்மா எழுதவில்லை.

இன்னொரு ஓட்டை ஆக்டிங் டிரைவர். முகூர்த்த நாளில் நம் டிரைவர் தனக்குப் பதில் யாரையோ அனுப்பிவிடுவார். பயணி கையில் ஒரு பெயர், வண்டியில் வேறு ஆள். எங்களிடம் விதி ஒன்றுதான்: நான் லைசென்ஸ் பார்க்காத ஆள் கையில் சாவி போகாது. வண்டி சும்மா நின்றால் நிற்கட்டும்.

சாவி வந்த நேரம்

எங்கள் பலகையில் நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது. "சாவி வந்தது", "சாவி போனது" என்று இரண்டு நேரம். பக்கத்தில் அந்த இரண்டு நேரத்திலும் வண்டி மீட்டர் காட்டிய கிலோமீட்டர். எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

2020-இல் மத்திய அரசு ஆப் நிறுவனங்களுக்காக வெளியிட்ட நெறிமுறையில், ஒரு டிரைவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் லாகின் செய்திருக்கக் கூடாது, அடுத்து லாகின் செய்யுமுன் 10 மணி நேர இடைவெளி வேண்டும் என்று சொல்லப்பட்டது. எத்தனை ஆப்பில் ஓட்டினாலும் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 12. நாம் அந்த அளவு பெரிய ஆட்கள் இல்லைதான். ஆனால் அளவுகோல் நல்ல அளவுகோல். சாவி ஆணியில் மாட்டியதிலிருந்து பத்து மணி நேரம் ஆகாமல் அதே ஆளிடம் திரும்பக் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் வந்து சேரும்போது ஸ்டேஷனில் நிற்க வேண்டியவர் முந்தின நாள் சாயங்காலமே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஒன்பது கார் வைத்திருப்பவனுக்கு இது நஷ்டமா என்றால், ஆம், நஷ்டம்தான். வாரத்தில் ஏழெட்டுச் சவாரியை "வண்டி இல்லீங்க" என்று சொல்லி விடுகிறோம். வண்டி வாசலிலேயே நிற்கும்.

கிலோமீட்டர் எதற்கு என்றால், நம்மிடம் எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வண்டியை வீட்டுக்கு எடுத்துப்போனவர் இன்னொரு போனில் ஆப்பைத் திறந்து ஏழு மணி நேரம் ஓட்டுவார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன், பள்ளிக்கூடக் கட்டணம் அவருக்கும் இருக்கிறது. இரவு விட்ட அளவும் காலையில் எடுத்த அளவும் தொண்ணூறு கிலோமீட்டர் வித்தியாசப்பட்டால் அவர் தூங்கவில்லை என்று அர்த்தம். கமிஷன் மட்டும் கொடுத்தால் இது நடந்துகொண்டேதான் இருக்கும். நாங்கள் கடைசியில் ஒரு குறைந்தபட்ச நாள் சம்பளம் வைத்தோம். "அசதியா இருக்கு, இந்தச் சவாரி வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அன்றைய சம்பளத்தில் கை வைப்பதில்லை. இதை அவர்கள் நம்புவதற்கே நான்கு மாதம் ஆயிற்று.

தூக்கம் அடிக்கிற நேரம் இரண்டு. விடியற்காலை இரண்டு மணி முதல் ஐந்து வரை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் நான்கு மணி வரை. தூங்கா நகரம் என்று பெயர் வைத்துவிட்டோம், டிரைவரும் தூங்க மாட்டார் என்று நினைத்துக்கொள்கிறோம். நடுராத்திரியில் நாலு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு நாலு வழிச் சாலையில் ஏறினால், மேலூர் வருமுன் கண் சொக்கும். ஜன்னலைத் திறப்பது, ஏ.சி.யைக் கூட்டுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் சில நிமிட ஏமாற்று. டீ, காபி உதவும், ஆனால் வேலை செய்ய அரை மணி நேரம் பிடிக்கும். நிஜமான வைத்தியம் ஒன்றுதான். வெளிச்சமான பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்தி, டீ குடித்துவிட்டு, இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துத் தூங்குவது. பயணியிடம் அதைச் சொல்ல டிரைவருக்கு வெட்கம் இருக்கும். அதனால் இரவுச் சவாரி பதிவாகும்போதே ஆபீசிலிருந்து நாங்கள் சொல்லிவிடுகிறோம்: "நடுவில் டிரைவர் இருபது நிமிடம் ஓய்வெடுப்பார், அதற்கு வெயிட்டிங் சார்ஜ் கிடையாது." இதுவரை மறுத்தவர்கள் மிகக் குறைவு. மறுத்தவர்களிடம் வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொன்னோம்.

சென்னை போய் அன்றைக்கே திரும்ப வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். ஒரு வழியே கிட்டத்தட்ட 460 கிலோமீட்டர். ஒன்று இரண்டு டிரைவர், இல்லையென்றால் இரவு தங்கல், படுக்க இடம், பேட்டா. காரிலேயே முறுக்கிக்கொண்டு படுப்பதைத் தங்கல் என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

வண்டியைச் சுற்றி ஒரு நடை

காலையில் ஐந்து நிமிடம் போதும். டிரைவர் கதவில் ஆரம்பித்து வண்டியை ஒரு சுற்று வலம் வந்து அதே கதவில் முடிய வேண்டும். ஒரே வரிசையில் செய்தால்தான் எதுவும் விடுபடாது.

டயரைக் கையால் தடவிப் பாருங்கள், பக்கவாட்டில் புடைப்பு இருந்தால் உடனே மாற்ற வேண்டும். பள்ளத்தின் ஆழம் காருக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஆட்டோவுக்கு 0.8. டயரின் பள்ளத்துக்குள்ளேயே சிறு மேடுகள் இருக்கும், தேய்மானம் அதைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. காற்றை ஓட்டம் தொடங்குமுன் பிடியுங்கள். கத்திரி வெயிலில் ரிங் ரோட்டில் ஓடிவந்து சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும், அதை நம்பிக் குறைத்தால் ஆபத்து. அமாவாசைக்கு அமாவாசை எலுமிச்சம்பழம் கட்டக் குனிகிறோம். குனிந்ததுதான் குனிந்தோம், டயரையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

ஸ்டெப்னி பற்றி ஒரு கதை உண்டு. நத்தம் ரோட்டில் பஞ்சரான ஒரு வண்டியில் ஸ்டெப்னியை இறக்கினால் அதில் காற்று இல்லை. ஜாக்கி இருந்தது, அதைச் சுற்றும் கம்பி இல்லை. இருட்டில் ஒரு குடும்பம் ரோட்டோரம் ஒன்றே கால் மணி நேரம் நின்றது. அந்த வண்டியை அன்று காலையில் சுற்றிப் பார்த்ததாக எங்கள் ஏட்டில் டிக் போட்டிருந்தது. அதிலிருந்து டிக் அடிக்கும் முறையை எடுத்துவிட்டோம். காற்று எத்தனை, கம்பி எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும். எழுத வேண்டுமென்றால் பார்த்தாக வேண்டும்.

உள்ளே வாருங்கள். புது சீட் கவர் போட்டதும் பின் சீட் பெல்ட்டின் கொக்கி கவருக்குள் புதைந்து போகும். பயணி தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். பின் சீட்டிலும் பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்பது ஒரு பக்கம். மோதலில் பின்னால் இருப்பவர் முன் சீட்டின் மேல் வந்து விழுவார் என்பது இன்னொரு பக்கம். மூன்று கொக்கியையும் வெளியே எடுத்து வையுங்கள். பின் கதவு இரண்டையும் உள்ளே உட்கார்ந்து திறந்து பாருங்கள். சைல்டு லாக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், வாடகை வண்டியில் அது கூடவே கூடாது. எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், டார்ச் இருக்க வேண்டும். சி.என்.ஜி. வண்டியென்றால் சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒரு முறை சோதனை, அந்தத் தேதியும் பலகையில் ஏறட்டும்.

2019 ஜனவரி 1 முதல் பதிவான டாக்ஸிகளில் இடம் காட்டும் கருவியும் அவசர பட்டனும் இருக்க வேண்டும் என்பது மத்திய விதி, ஆட்டோவுக்கு விலக்கு. பட்டன் இருக்கிறது, சரி. அமுக்கினால் யாருக்கு மணி அடிக்கிறது என்று கருவி பொருத்திய கடைக்காரரை வைத்துக்கொண்டு ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

ஏற்றும் இடம், இறக்கும் இடம்

வெளியூர்க்காரர் "மாசி வீதியில நிக்கிறேன்" என்பார். நான்கு மாசி வீதி இருக்கிறது. "மேல" என்றால் மேற்கு என்பது அவருக்குத் தெரியாது, மேல மாசி வீதிக்கும் மேல வெளி வீதிக்கும் வித்தியாசம் தெரியாது. டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் போனுமாக ஆவணி மூல வீதிக்குள் சுற்றிக்கொண்டிருப்பார். முகவரிக் குழப்பம் என்று இதை விட்டுவிடக் கூடாது, விபத்து இப்படித்தான் தொடங்குகிறது. பிக்கப் இடத்தை ஆபீஸ்தான் பேசி முடிக்க வேண்டும். டிரைவர் வண்டியை எடுத்த பிறகு பயணியோடு பேசும் தேவையே இருக்கக் கூடாது.

மீனாட்சி அம்மன் கோயில் பயணிகளுக்கு இன்னொரு சிக்கல். 2018 மார்ச் முதல் கோயிலுக்குள் செல்போன் கிடையாது. உள்ளே போனவரை வெளியே வரும்வரை பிடிக்க முடியாது. கிழக்குக் கோபுரத்தில் போனையும் செருப்பையும் கொடுத்துவிட்டுத் தெற்குக் கோபுரத்தில் வெளியே வந்து, வெறுங்காலோடு சுடுதரையில் நிற்பார்கள். சித்திரை வீதிக்குள் வண்டியும் போக முடியாது. அதனால் இறக்கிவிடும்போதே டிரைவர் ஒரு சீட்டில் தன் வண்டி நம்பர், ஆபீஸ் நம்பர், எந்தத் தெரு முனை, எத்தனை மணி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளோடு வரும் குடும்பத்துக்கு இரண்டு சீட்டு. போன இடத்தில் பிரிந்துபோனாலும் அந்த முனையில் சந்தித்துக்கொள்வார்கள்.

ரயில்வே ஸ்டேஷனில் கிழக்கு வாசலா மேற்கு வாசலா என்று கேளுங்கள். மாட்டுத்தாவணியில் ரோட்டிலேயே நிறுத்தி ஏற்றாதீர்கள், பின்னால் வரும் பஸ்காரருக்கு உங்கள் இண்டிகேட்டரில் நம்பிக்கை இல்லை.

அண்ணா நகர்ப் பக்கம் கண் ஆபரேஷன் முடித்து வருகிறவர்கள் நமக்கு அதிகம். ஒரு கண்ணில் கட்டு இருந்தால் தூரம் சரியாகத் தெரியாது. படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைப்பார்கள், இல்லாத இடத்தில் விழுவார்கள். டிரைவர் இறங்கி, கட்டுப் போடாத கண்ணின் பக்கமாக வந்து, "ஐயா, இங்க பிடிச்சுக்குங்க" என்று கதவின் மேல்விளிம்பில் தன் கையை வைத்துக்கொள்ள வேண்டும், தலை இடிக்காமல் இருக்க. திரும்பும் வழியில் குலுக்கல் ஆகாது, வேகத்தடையில் நடை வேகம்.

இறங்குவது எப்போதும் இடது பக்கம். வலது கதவைத் திறந்து பைக்காரர் மேல் மோதுவது நகருக்குள் நான் அதிகம் கேட்கிற விபத்து. வண்டி நின்றதும் "கண்ணாடியைப் பார்த்துட்டுச் சொல்றேன், அப்புறம் திறங்க" என்று சொல்ல டிரைவரைப் பழக்குங்கள்.

தனியாக வரும் பெண்கள், பிள்ளைகள்

இரவு பத்து மணிக்கு மேல் தனியாக ஏறும் பெண்ணுக்கு வண்டி எண், டிரைவர் பெயர், படம் மூன்றும் வாட்ஸ்ஆப்பில் போய்விட வேண்டும். வண்டியில் வேறு யாரும் இருக்கக் கூடாது. "என் தம்பி, வீட்டுல இறக்கிவிட்டுட்டுப் போறேன்" என்பதும் கூடாது. வழி மாற வேண்டியிருந்தால் மாறுமுன்பே காரணம் சொல்ல வேண்டும். இறக்கியதும் அவர் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை ஹெட்லைட்டோடு நின்றுவிட்டு வர வேண்டும், அதற்கு இரண்டு நிமிடம் ஆகாது. பயணியின் போன் நம்பர் சவாரி முடிந்ததும் டிரைவர் போனில் இருக்கக் கூடாது. "நல்லா போய்ச் சேர்ந்தீங்களா மேடம்" என்று மறுநாள் ஒரு டிரைவர் அனுப்பிய குறுஞ்செய்தியை அவர் நல்லெண்ணத்தில்தான் அனுப்பினார் என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் அவரை நிறுத்திவிட்டோம். அந்தப் பெண்ணுக்கு அது நல்லெண்ணமாகத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை.

181 பெண்களுக்கான உதவி எண், 1098 குழந்தைகளுக்கு, 112 எல்லா அவசரத்துக்கும். இவற்றைப் பின் சீட்டில் உட்கார்ந்தால் கண்ணில் படும் இடத்தில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டுங்கள்.

சின்னப் பிள்ளையை முன் சீட்டில் மடியில் வைப்பதை அனுமதிக்காதீர்கள். ஏர்பேக் விரிந்தால் பிள்ளைதான் நடுவில்.

மழை, திருவிழா, மலை

ஒரு மணி நேரம் நல்ல மழை பெய்தால் மணி நகரம் சுரங்கப்பாதை, கர்டர் பாலம் இரண்டையும் வழியிலிருந்து எடுத்துவிடுங்கள். வைகையில் தண்ணீர் திறந்தால் யானைக்கல் தரைப்பாலம் கிடையாது. தேங்கிய நீர் சக்கரத்தின் பாதியைத் தொட்டால் உள்ளே விடாதே, திரும்பு என்பது எங்கள் விதி. நீருக்குள் எஞ்சின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் பண்ணக் கூடாது. ஆட்களை இறக்கிவிட்டுத் தள்ள வேண்டும்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் சவாரியே எடுக்காதீர்கள். போலீஸ் அனுமதித்தாலும் வேண்டாம். ஜனக்கடலுக்கு நடுவில் ஒரு கார் தானே ஒரு தடை. அன்றைக்கு வடக்கே போக வேண்டியவருக்கு ரிங் ரோடு, இல்லையென்றால் மறுநாள்.

கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், பயணி பெயரில் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்கு எல்லா டிரைவரையும் அனுப்ப முடியாது. வத்தலக்குண்டுக்கு மேலே இறங்கும்போது நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர் என் கண்ணில் டிரைவரே இல்லை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, கீழ் வளைவுகளில் பிடிக்காமல் போகும். குறுகிய இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. புதியவர் முதல் மூன்று முறை பழையவரோடு உட்கார்ந்து போக வேண்டும், பயணி இல்லாமல்.

நடந்துவிட்டால்

வண்டியை நிறுத்து, ஹசார்டு விளக்கைப் போடு, முக்கோணத்தைப் பின்னால் வை, ஆட்களைத் தடுப்புக்கு அப்பால் கொண்டுபோ. 108. அதற்குப் பிறகுதான் ஆபீஸ். இந்த வரிசையை டிரைவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கும் சொல்லலாம். தலை, கழுத்து, முதுகில் அடிபட்டவரை, தீயோ வேறு ஆபத்தோ இல்லாத பட்சத்தில், இழுத்து எடுக்காமல் ஆம்புலன்சுக்குக் காத்திருப்பது நல்லது. தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

பணத்துக்குப் பயந்து பெரியாஸ்பத்திரி போவதா தனியார் ஆஸ்பத்திரி போவதா என்று ரோட்டில் நின்று பேசிக்கொண்டிருக்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கிய யாருக்கும், வெளி மாநிலத்தவருக்கும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். உதவிக்கு வரும் மூன்றாவது ஆளைப் பெயர் கொடு, சாட்சி சொல் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. நம் டிரைவர் வேறொருவர் விபத்தைக் கண்டு நிறுத்தினாலும் இது பொருந்தும்.

அடிபட்டவரைச் சிகிச்சைக்கு அனுப்புவது டிரைவரின் சட்டப்படியான கடமை. போலீசுக்கு உடனே, எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். இன்சூரன்சுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூட்டம் அடிக்க வரும் என்று பயந்தால் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போகலாம், வீட்டுக்கு ஓடக் கூடாது. முதலாளியாகிய நீங்கள் நேரில் போங்கள். போனில் நிர்வகிக்காதீர்கள். அந்த டிரைவருக்கு அன்றும் மறுநாளும் சாவி கிடையாது, தப்பு அவர் மேல் இல்லாவிட்டாலும். கை நடுங்குவது வெளியே தெரியாது.

கோடு போட்ட நோட்டு

பலகைக்குக் கீழே ஒரு நூறு பக்க நோட்டு தொங்குகிறது. விபத்தை அதில் எழுதுவதில்லை, ஆக இருந்ததை எழுதுகிறோம். மாடு குறுக்கே வந்தது, கண் சொக்கியது, பிரேக் ஒரு பக்கம் இழுத்தது, பயணி வேகமாகப் போகச் சொல்லிச் சத்தம் போட்டார். எழுதுகிறவரைத் திட்டக் கூடாது, சம்பளம் பிடிக்கக் கூடாது. ஒரு முறை திட்டினால் நோட்டு அதோடு வெள்ளையாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை டீயோடு அந்த வாரப் பக்கத்தை எல்லோரும் படிப்போம். ஒரே இடம் மூன்று முறை வந்தால் அந்த வழியை மாற்றுவோம். ஒரே வண்டி இரண்டு முறை வந்தால் ஒர்க்‌ஷாப். ஒரே ஆள் இரண்டு முறை வந்தால் டீ முடிந்தபின் தனியாகப் பேச்சு, முதல் கேள்வி "வீட்டுல எல்லாரும் சௌக்கியமாண்ணே?"

நேற்று ராத்திரி எழுதியது, கள்ளிக்குடிக்கு முன்னால் மீடியனை உரசிய அந்த அண்ணனின் கோணல் கையெழுத்தில்: "வண்டி 6. பின் இடது கதவு உள்ளே இருந்து திறக்கலை. சாவி கொடுத்துட்டேன்." காலையில் அழகர்கோயில் சவாரி ஒன்று அந்த வண்டிக்குப் போட்டிருந்தேன். அழித்தேன். "வண்டி இல்லீங்க" என்று சொன்னதற்கு, "உங்க ஆபீஸ் வாசல்ல தாங்க நிக்கிறேன், நிக்குதே வண்டி" என்றார் அவர்.